வன்னியிலிருந்து குடிவரவுச் சட்டம்: படிப்பையும் பயிற்சியையும் எங்கே தொடங்குவது

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ மன்னாரிலோ எந்த ஒழுங்கைக்குள் போனாலும் வெளிநாட்டு அலுவல் ஒன்று முடியாமல் கிடக்கும் வீடு இருக்கும். ஸ்பொன்சர் நிராகரிக்கப்பட்ட மனைவி, தமிழ்நாட்டு முகாமில் பிறந்து இங்கே வந்தும் அடையாள அட்டை எடுக்க முடியாத பிள்ளை, படகில் போய்ப் பிடிபட்டு வழக்குக்கு அலையும் தம்பி என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதை. இவர்களின் கடதாசிகளைப் பொறுமையாக வாசித்து வழி சொல்லச் சட்டம் தெரிந்தவர்கள் ஊருக்குள் மிகக் குறைவு. அந்த வெற்றிடத்தில்தான் ஏஜென்சிக்காரரும், 'கேஸ் எழுதித் தருகிறோம்' என்பவர்களும் உழைக்கிறார்கள்.

உயர்தரம் முடித்துச் சட்டம் படிக்க நினைப்பவர்களுக்கும், சட்டபீடத்தில் முதல் இரண்டு வருடங்களில் இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறோம். குடிவரவு வழக்குகளில் மிகப் பல, சட்டவாதத்துக்கு வருவதற்கு முன்பே திகதியிலும் கடதாசியிலும் தோற்றுப் போகின்றன. திகதியையும் கடதாசியையும் கையாளும் பழக்கத்தை வன்னியில் இருந்துகொண்டே பெறலாம். கொழும்பிலோ லண்டனிலோ படிப்பவருக்கு அது அவ்வளவு எளிதில் கிடைக்காது.

சட்டபீடத்துக்குள் போகும் வழி

வழிகள் மூன்று. முதலாவது, உயர்தர இசட் புள்ளியோடு கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்களில் சட்டமாணிப் பட்டம். கலைப்பிரிவில் படித்தவர்களுக்கு மட்டுமே சட்டம் என்று பாடசாலைகளில் சொல்வதை நம்பவேண்டாம். விஞ்ஞானம், வர்த்தகம் படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். தகைமைகளை அந்தந்த ஆண்டின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுக் கைந்நூலில் பாருங்கள். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் சட்டபீடம் இல்லை. இரண்டாவது, திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டமாணி. அதற்குத் தெரிவுப் பரீட்சை உண்டு. வேலை செய்துகொண்டே படிக்க நினைப்பவர்களுக்கு இதுதான் தோது. மூன்றாவது, புதுக்கடையில் 1874 முதல் இயங்கும் இலங்கை சட்டக் கல்லூரி. அதன் நுழைவுப் பரீட்சையில் மொழித்தாள் ஒன்றும் பொது அறிவு, நுண்ணறிவுத் தாள் ஒன்றும் இருக்கும்.

பட்டம் பெற்றாலே சட்டத்தரணி ஆகிவிட முடியாது. பட்டதாரிகளும் சட்டக் கல்லூரியின் குறித்த பரீட்சைகளில் சித்தியடைந்து, மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் பயிலுநராக இருந்து, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்யவேண்டும். யாரிடம் பயிலுநராக இருப்பது என்பதை இறுதி வருடம்வரை தள்ளிப்போடாதீர்கள். குடிவரவு, மனித உரிமை வழக்குகள் செய்பவர்கள் சிலர்தான்; அவர்களிடம் இடம் கேட்பவர்கள் பலர்.

ஆங்கிலத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்லவேண்டும். இந்தத் துறையின் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. சாட்சி சொல்பவர் தமிழில் பேசுகிறார். இரண்டையும் கைவசம் வைத்திருப்பவருக்குத்தான் இங்கே வேலை. தினமும் ஒரு தீர்ப்பின் இரண்டு பக்கத்தை வாசித்து, அதன் சாரத்தைத் தமிழில் ஐந்து வரியில் எழுதிப் பாருங்கள். மூன்று மாதம் விடாமல் செய்தால் வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

எந்தக் கிளை

குடிவரவுச் சட்டம் என்று பொதுவாகச் சொல்கிறோம். வன்னிக்குள் அது குறைந்தது நான்கு வேலைகளாகப் பிரிகிறது.

முதலாவது பிரஜாவுரிமை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இதன் அடி. வெளிநாட்டில் பிறந்த பிள்ளை வம்சாவளியால் பிரஜையாக வேண்டுமானால், பிறப்பை ஒரு வருடத்துக்குள் பதியவேண்டும். பிந்தினால் தகுந்த காரணம் காட்டி அனுமதி பெறவேண்டும். முகாமில் பிறந்த பிள்ளைகளின் சிக்கல் பெரும்பாலும் இந்தப் பதிவு நடக்காததில் தொடங்குகிறது. தாய்வழியாகவும் பிரஜாவுரிமை கடத்தப்படலாம் என்பது 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தத்தால் வந்தது. அதற்கு முந்திய காலத்து நினைப்பிலேயே இன்னும் 'தகப்பன்ர கடதாசி இல்லாட்டி ஒண்டும் நடக்காது' என்று சொல்பவர்கள் உண்டு.

1977, 1983 வன்செயல்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சி, வவுனியாவில் குடியேறிய குடும்பங்களுக்கு வேறு சட்டம் பேசும்: 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க, இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம். 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவர், அல்லது அவருடைய வழித்தோன்றல் என்பதே அதன் அளவுகோல். போரால் இந்தியா போய் முகாமில் இருந்தவர்கள் இதனால் விடுபட்டுப்போனார்கள். 2009ஆம் ஆண்டின் திருத்தம் அதைச் சரிசெய்தது. மூலச் சட்டத்தை மட்டும் வாசித்துவிட்டுத் திருத்தத்தைப் பார்க்காமல் விடுவது புதியவர்கள் அடிக்கடி விடும் பிழை.

இரண்டாவது, சட்டவிரோதப் பயணம். 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டத்தின் 34, 45ஆம் பிரிவுகளை முதலில் வாசியுங்கள். அங்கீகரிக்கப்பட்ட துறைமுகம் அல்லாத இடத்தால் நாட்டைவிட்டுப் போனால் 5 ஆண்டுவரை சிறையும் 200,000 ரூபாவரை தண்டமும் விதிக்கலாம். பயணியாகப் போனவருக்குப் பெரும்பாலும் தண்டத்தோடு முடிகிறது. ஏற்பாடு செய்தவர்மீது வருவது வேறு குற்றச்சாட்டு. ஒருவர் படகில் டீசல் ஊற்றிக் கொடுத்தார், வள்ளம் ஓட்டினார் என்பதால் ஏற்பாட்டாளர் ஆகிவிடுகிறாரா என்பதுதான் நீதிமன்றத்தில் அடிபடும் கேள்வி. 2025இல் தமிழ்நாட்டிலிருந்து திரும்பிவந்த முதியவர் ஒருவர் பலாலியில் இறங்கியதும் இதே சட்டத்தின் கீழ் கைதானார். போர்க்காலத்தில் உயிர்தப்பிப் படகேறியவருக்கும் இந்தச் சட்டம் அப்படியே பொருந்துகிறது என்பதை விளங்கிக்கொண்டால்தான், ஊர் திரும்ப நினைப்பவர்களுக்கு எந்தக் கேள்விக்கு முதலில் விடை தேடவேண்டும் என்பது தெரியும்.

மூன்றாவது, வெளிநாட்டு வேலையும் ஆட்கடத்தலும். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டமும், தண்டனைச் சட்டக்கோவையின் 360இ பிரிவும் இதற்கு. ஆளைக் காசு வாங்கி எல்லை கடத்துவதும், ஏமாற்றிக் கொண்டுபோய்ச் சுரண்டுவதும் சட்டத்தில் இரு வேறு குற்றங்கள். இரண்டாவதில் போனவர் பாதிக்கப்பட்டவர், குற்றவாளி அல்லர். பொலிஸ் நிலைய முறைப்பாட்டில் இந்த வேறுபாடு பதியப்படாவிட்டால் பிறகு திருத்துவது மிகக் கடினம்.

நான்காவது, அகதித் தஞ்சம். நமது ஆட்கள் மற்ற நாடுகளில் 'அசைலம் அடித்த' வழக்குகள் ஒரு பக்கம். நமது கரைக்கு வந்தவர்கள் மறுபக்கம். 2024 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட ரோகிஞ்சா மக்கள் ஏறிய படகு முள்ளிவாய்க்கால் கரையில் ஒதுங்கியது. சிலர் மறியலில் வைக்கப்பட்டார்கள். மற்றவர்கள் கேப்பாப்புலவு விமானப்படை முகாமில் தங்கவைக்கப்பட்டார்கள். இலங்கை 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் கைச்சாத்திடவில்லை. அப்படியென்றால் அவர்களுக்கு ஒரு பாதுகாப்பும் இல்லையா? சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தில் இலங்கை 1994 முதல் இருக்கிறது. சித்திரவதை ஆபத்துள்ள நாட்டுக்கு ஆளைத் திருப்பி அனுப்பக்கூடாது என்கிறது அதன் 3ஆம் உறுப்புரை. அரசியலமைப்பின் 11, 12(1), 13ஆம் உறுப்புரைகள் பிரஜைக்கு மட்டும் என்று சொல்லவில்லை, 'ஆட்கள்' என்கின்றன. 14ஆம் உறுப்புரையோ பிரஜைகளுக்கு. இந்த வேறுபாட்டைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சைக்கும் உதவும், முகாம் வாசலிலும் உதவும்.

வாசிப்பு ஒழுங்கு

பாடப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்கவேண்டாம். முதலில் 1951 சமவாயத்தின் 1அ(2), 1எஃப், 31, 33ஆம் உறுப்புரைகள். பிறகு ஐ.நா. அகதிகள் முகவரகத்தின் கைந்நூலில் 195 முதல் 205வரையான பந்திகள். நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது, சந்தேகத்தின் பலன் எப்போது கிடைக்கும் என்பவை அங்கே இருக்கின்றன. அதன்பின் தீர்ப்புகள்.

உலக அகதிச் சட்டத்தின் முக்கிய தீர்ப்புகளில் ஒரு பங்கு ஈழத்தமிழர் வழக்குகளில் எழுதப்பட்டது. 1987 டிசம்பரில் பிரித்தானியப் பிரபுக்கள் சபை தந்த சிவகுமாரன் தீர்ப்புத்தான் 'நன்கு ஆதாரமுள்ள அச்சம்' என்பதன் அளவைச் சொன்னது. நாடுகடத்தலும் சித்திரவதையும் பற்றிக் கனடா உயர் நீதிமன்றம் 2002இல் தந்த சுரேஷ் தீர்ப்பு, மனிதாபிமான அடிப்படை பற்றி 2015இல் தந்த கந்தசாமி தீர்ப்பு, தமிழர்களைக் கனடாவுக்கு ஏற்றிச்சென்ற ஓஷன் லேடி கப்பல் தொடர்பாக அதே ஆண்டு வந்த அப்புலோனப்பா தீர்ப்பு. பிரித்தானியாவில் 2013இன் ஜி.ஜே., 2021இன் கே.கே. மற்றும் ஆர்.எஸ். நாட்டு வழிகாட்டல் தீர்ப்புகள். தழும்புச் சாட்சியம் பற்றி 2019இல் பிரித்தானிய உயர் நீதிமன்றம் தந்த கே.வி. தீர்ப்பு, அவுஸ்திரேலியாவில் 2010இன் எம்61. எல்லாம் கன்லீ (CanLII), பெய்லீ (BAILII), ஒஸ்ட்லீ (AustLII) தளங்களில் காசு இல்லாமல் கிடைக்கும்.

ஆனால் சிவகுமாரன் தீர்ப்பு பழையது என்பதை மறக்கக்கூடாது. பிரித்தானியாவில் 2022 ஜூன் 28 முதல் கேட்கப்பட்ட தஞ்சங்களுக்குப் புதிய சட்டப்படி இரண்டு படிச் சோதனை வந்துவிட்டது: அச்சம் உண்மையில் இருக்கிறதா என்பதை 'பெரும்பாலும் அப்படித்தான்' என்ற அளவில் காட்டவேண்டும், ஆபத்து வருமா என்பதற்குத்தான் பழைய, குறைந்த அளவு. சிவகுமாரனை மட்டும் மேற்கோள் காட்டி எழுதும் கட்டுரை இன்றைக்கு அரைகுறைதான்.

நாட்டு நிலைமை அறிக்கைகளையும் வாசியுங்கள். பிரித்தானிய உள்துறையும் அவுஸ்திரேலிய வெளியுறவுத் திணைக்களமும் இலங்கையைப் பற்றி வெளியிடுபவை முக்கியம். அவற்றில் வன்னியைப் பற்றி வரும் ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில் எழுதுங்கள்: இதை யார் சொன்னார், எந்த ஆண்டில், எந்த மாவட்டத்தைப் பற்றி? யாழ்ப்பாணத்து நிலைமையை முல்லைத்தீவுக்கும் பொருத்தி எழுதிய இடங்கள் உங்கள் கண்ணுக்குத் தெரியும். வெளிநாட்டுச் சட்டத்தரணிக்குத் தெரியாது.

நீதிமன்றத்தில் இருந்து பார்ப்பது

முதல் வருடத்திலேயே தொடங்குங்கள். நீதவான் நீதிமன்றங்கள் பொதுவாகத் திறந்த மன்றுகள். உங்கள் ஊர் நீதிமன்றத்துக்குக் காலை ஒன்பது மணிக்கு முன்பே போய், பின்வரிசையில் இருங்கள். சட்டத்தரணிகளின் மேசைப்பக்கம் போகவேண்டாம். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் மன்றுக்குத் தலைவணங்குங்கள். ஃபோனை நிறுத்திவிடுங்கள், ஒலிப்பதிவு, படம் எடுத்தல் கூடவே கூடாது. வடக்கு, கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ் என்பதால் நடப்பது விளங்கும். மற்ற மாகாணங்களில் படிக்கும் தமிழ் மாணவருக்கு இந்த வசதி இல்லை.

என்ன குறிப்பது? பொலிஸார் தாக்கல் செய்யும் பீ அறிக்கையில் எந்தப் பிரிவு சொல்லப்படுகிறது, பிணை கேட்கும்போது என்ன காரணம் வைக்கப்படுகிறது, பிணையாளியிடம் என்ன ஆவணம் கேட்கப்படுகிறது, தவணை எத்தனை நாளுக்குப் போகிறது. ஆட்களின் பெயரை எழுதாதீர்கள்; வழக்கின் வகையை மட்டும் எழுதுங்கள். விமான நிலையத்தில் பிடிபடுபவர்கள் பெரும்பாலும் நீர்கொழும்பு நீதவான் முன்தான் நிறுத்தப்படுகிறார்கள். முல்லைத்தீவிலிருந்து அங்கே பிணை எடுக்கப்போகும் குடும்பம் என்னென்ன கொண்டுபோகவேண்டும் என்ற பட்டியலை உங்களால் எழுத முடிந்தால், பாதிப் பாடம் வந்துவிட்டது.

காலவரிசை எழுதுதல்

இந்தத் துறையில் ஒரு மாணவர் கற்கக்கூடிய மிகப் பெரிய கைவேலை இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

வன்னியில் போருக்குள் வாழ்ந்தவர் திகதியால் நினைவு வைத்திருக்கமாட்டார், இடத்தால் வைத்திருப்பார். 'தருமபுரத்தில இருக்கேக்க', 'மாத்தளனுக்குப் போன பிறகு' என்றுதான் கதை வரும். வெளிநாட்டு அதிகாரியோ நாள், மாதம், வருடம் கேட்பார். பயத்தில் ஒரு திகதியை இவர் சொல்லிவிடுவார். இரண்டாவது நேர்முகத்தில் வேறொரு திகதி வரும். 'நம்பகமற்றவர்' என்று முடிவெழுதிவிடுவார்கள். நிராகரிப்புக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் காரணம் இது.

அதைத் தடுக்க, ஒரு நீளத்தாளில் நான்கு நிரல் போடுங்கள். முதல் நிரலில் ஊரறிந்த சம்பவமும் அதன் திகதியும். இரண்டாவதில் ஆள் இருந்த இடம். மூன்றாவதில் அவருக்கு நடந்தது. நான்காவதில் அதற்கான கடதாசி. முதல் நிரலை ஆள் வருவதற்கு முன்பே நிரப்பி வையுங்கள்:

1995 ஒக்டோபர் 30, யாழ்ப்பாண இடப்பெயர்வு
1996 ஜூலை 18, முல்லைத்தீவு இராணுவ முகாம்மீது தாக்குதல்
1997 மே 13, ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை தொடக்கம்
2002 பெப்ரவரி 22, போர்நிறுத்த ஒப்பந்தம்
2004 டிசம்பர் 26, சுனாமி
2006 ஓகஸ்ட், ஏ9 பாதை மூடப்பட்டது
2008 நவம்பர் கடைசி, நிஷா புயல் வெள்ளம்
2009 ஜனவரி 2, கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் வீழ்ந்தது
2009 ஏப்ரல் 20, புதுமாத்தளன் மண்அணை உடைந்து சனம் வெளியேறியது
2009 மே 18, போர் முடிவு

பிறகு கேள்வி. 'வெள்ளம் வந்தபோது எங்கே இருந்தீர்கள்?' என்று கேளுங்கள். 'அப்ப தருமபுரத்திலதானே?' என்று கேட்காதீர்கள். விடையை நீங்கள் எடுத்துக் கொடுத்தால் அது உங்கள் கதையாகிவிடும். குறுக்குக் கேள்வியில் முதலில் உடைவதும் அந்த இடம்தான். திகதி தெரியாவிட்டால் 'சுனாமிக்குப் பிறகு, ஏ9 மூடமுன்' என்றே எழுதுங்கள். 'ஏறக்குறைய' என்று எழுதிய திகதி பலவீனம் இல்லை. பிழையான நிச்சயம்தான் பலவீனம்.

ஒரே இருப்பில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் போகாதீர்கள். பிள்ளையை இழந்தவரிடமும், காணாமல் ஆக்கப்பட்ட கணவரைத் தேடுபவரிடமும் அந்தச் சம்பவத்திலிருந்து தொடங்கக் கூடாது. பிறந்த ஊர், பள்ளிக்கூடம், தொழில் என்று வந்து, அவரே அந்த இடத்துக்கு வரும்வரை பொறுத்திருங்கள். அழுதால் பேனாவை வைத்துவிடுங்கள். வீட்டு ஆட்களை அறைக்குள் வைக்காமல் தனியாகக் கேளுங்கள். பெண்களிடம் பெண் மாணவரே கேட்பது நல்லது. வீட்டாருக்குத் தெரியாத விடயங்கள் இருக்கும்.

உறவுமுறையைத் துல்லியமாக எழுதுங்கள். 'அண்ணா' என்று சொன்னால் கூடப்பிறந்தவரா, பெரியம்மாவின் மகனா என்று கேட்டு எழுதவேண்டும். குடும்பப் பட்டியலில் இல்லாத சகோதரர் ஒருவர் வாக்குமூலத்தில் வந்து நிற்பதால் கெட்ட வழக்குகள் உண்டு. இயக்கத்தோடு இருந்த தொடர்பை மறைக்கச் சொல்லிக் கொடுப்பவர்கள் ஊரில் இருக்கிறார்கள். அது மிக ஆபத்தான அறிவுரை. 1எஃப் உறுப்புரையின் கீழ் தஞ்சம் மறுக்கப்படும் சாத்தியம் இருந்தால், அதைச் சட்டத்தரணி முன்கூட்டியே அறியவேண்டும். மாணவர் அதைத் தீர்மானிக்கக் கூடாது, கேட்டதைக் கேட்டபடி எழுதி மேலே கொடுக்கவேண்டும்.

உடம்பில் தழும்பு இருந்தால் 'சித்திரவதைத் தழும்பு' என்று நீங்கள் எழுதாதீர்கள். இருக்கும் இடத்தையும் அவர் சொன்ன காரணத்தையும் மட்டும் குறியுங்கள். சித்திரவதையை ஆவணப்படுத்தும் ஐ.நா. வழிகாட்டியான இஸ்தான்புல் நெறிமுறைப்படி, பொருந்தவில்லை என்பதிலிருந்து வேறு காரணமே இருக்கமுடியாது என்பதுவரை ஐந்து படிகளில் மதிப்பிடுவது மருத்துவரின் வேலை.

கடதாசிக் கோப்பு

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம், இடம்பெயர்ந்தபோது தந்த பதிவு அட்டைகள், மெனிக் பாம் போன்ற முகாம்களின் துண்டுகள், வைத்தியசாலை அட்டை, செஞ்சிலுவைச் சங்கக் கடிதம், தமிழ்நாட்டு முகாமின் அகதி அட்டை. எல்லாவற்றையும் திகதி ஒழுங்கில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஐந்து விடயம் ஒப்பிடுங்கள்: பெயர் எழுத்து, தகப்பன் பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், வழங்கிய திகதி. ஆங்கில எழுத்தில் ஒரே பெயர் மூன்று விதமாக இருப்பது சாதாரணம். அழித்துத் திருத்த முயலவேண்டாம். 'இந்தப் பெயர்கள் அனைத்தும் ஒருவரையே குறிக்கும்' என்று சத்தியக்கடதாசி முடித்தால் பல இடங்களில் போதும்.

திருமணத் திகதி இன்னொரு பொறி. போர்க்காலத்தில் பலருக்குக் கோயிலில் தாலி கட்டியது ஒரு வருடம், பதிவு நடந்தது பல வருடம் கழித்து. ஸ்பொன்சர் விண்ணப்பத்தில் கணவர் தாலி கட்டிய திகதியை எழுதுவார், மனைவி பதிவுத் திகதியை எழுதுவார். 'போலித் திருமணம்' என்ற சந்தேகம் அங்கே பிறக்கிறது. வழக்காற்றுத் திருமணம் பதிவில்லாமலும் நமது சட்டத்தில் செல்லும். ஆகவே இரண்டு திகதியையும் எழுதி, ஏன் இடைவெளி வந்தது என்பதையும் எழுதவேண்டும்.

கடதாசியே இல்லாதபோது? 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் தொடங்குங்கள். காணாமல் ஆக்கப்பட்ட கணவரின் நிலையைக் காட்ட இறப்புச் சான்றிதழ் ஒன்றுதான் வழி என்று பெண்களை வற்புறுத்துகிறார்கள். 2016ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் 'காணாமற்போனமைச் சான்றிதழ்' எடுக்க வழி இருக்கிறது. இறந்துவிட்டார் என்று கையெழுத்து வைக்க மனம் வராத தாய்க்கும் மனைவிக்கும் இதைச் சொல்லவேண்டியது நமது கடமை.

அரச அலுவலகம் கோப்பை 'இல்லை' என்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். விண்ணப்பத்தை ஏற்றதற்கு எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்குங்கள். தகவல் அலுவலர் 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதானால் 48 மணித்தியாலம். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதன்பின் இரண்டு மாதத்துக்குள் ஆணைக்குழுவுக்கு. 'என் கோப்பு முழுவதும் தாருங்கள்' என்று கேட்டால் இழுத்தடிப்பார்கள். எந்த ஆண்டு, எந்தப் பதிவேடு, என்ன இலக்கம் என்று கேளுங்கள். இந்த உரிமை பிரஜைகளுக்கு மட்டும் என்பதால், பிரஜாவுரிமையே தகராறில் இருப்பவருக்காகக் குடும்பத்தில் பிரஜையான ஒருவர் கேட்பது பாதுகாப்பு. அப்போது ஆளின் எழுத்துச் சம்மதத்தையும் இணைத்துவிடுங்கள்.

பயிற்சிக்கு யாரிடம் போவது

சட்ட உதவி ஆணைக்குழுவின் பிராந்திய நிலையம், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியா அலுவலகம், பிரதேச செயலகத்திலிருக்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்பு உத்தியோகத்தர், தனிப்பட்ட சட்டத்தரணிகள், உங்கள் சட்டபீடத்தில் நடக்கும் சட்ட உதவி நிலையம். முதல் பயிற்சிக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவையே நாம் சொல்வோம். பலவகை ஆட்கள் வருவார்கள், மேற்பார்வையும் இருக்கும்.

ஒரு பக்கக் கடிதம் போதும். எந்த வருட மாணவர், எந்தக் கிழமையிலிருந்து எந்தக் கிழமைவரை, வாரம் எத்தனை நாள், தமிழ், சிங்களம், ஆங்கிலத்தில் எதை எழுத முடியும், எதைப் பேச மட்டும் முடியும் என்பவற்றை எழுதுங்கள். பட்டியலிட்ட பாராட்டுச் சான்றிதழ்களை யாரும் வாசிப்பதில்லை. கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, நேரிலும் கொண்டுபோய்க் கொடுங்கள். விடுமுறையில் தொடர்ந்து ஆறு கிழமையாவது இருங்கள்; இரண்டு கிழமைக்கு வருபவருக்குப் போட்டோக்கொப்பி எடுக்கும் வேலைதான் கிடைக்கும். சம்பளம் எதிர்பார்க்கவேண்டாம், பஸ் காசைக் கணக்கிட்டு வையுங்கள்.

முதல் கிழமையிலேயே மேற்பார்வைச் சட்டத்தரணியிடம் கேட்டுத் தெளியவேண்டியவை சில உண்டு. எந்தக் கோப்பை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், ஆளோடு ஃபோனில் பேசலாமா, வட்ஸ்அப்பில் ஆவணம் வாங்கலாமா, தெரிந்தவரின் கோப்பு வந்தால் என்ன செய்வது. ஊர் சிறியது, ஒருநாள் உங்கள் மாமாவின் பக்கத்து வீட்டுக்காரரே வந்து உட்காருவார். அன்றைக்கு ஒதுங்கிக்கொள்ளத் தெரியவேண்டும்.

காலக்கெடுக்களை அலுவலகச் சுவரில் எழுதி வையுங்கள். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழான அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் விசாரணை உண்மையில் நடந்ததைக் காட்டவேண்டி வரும், ஆகவே ஆணைக்குழுவின் கடிதங்களைக் கோப்பில் வையுங்கள். ஆட்கொணர்வு மனுவை மாகாண மேல் நீதிமன்றத்திலும் தாக்கல் செய்யலாம். போரின் முடிவில் சரணடைந்தவர்களின் குடும்பங்கள் வவுனியா மேல் நீதிமன்றத்தில் அதைத்தான் செய்தன.

மாணவர் தாண்டக்கூடாத கோடு

சட்டத்தரணி ஆகும்வரை தனியாக ஆலோசனை சொல்லவேண்டாம், இலவசமாகவும் வேண்டாம். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு சட்டத்தரணியிடம் கட்சிக்காரர் சொன்னதைக் காக்கிறது. 127ஆம் பிரிவு அவருடைய எழுதுவினைஞருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் அந்தக் காப்பை நீட்டுகிறது. சட்டத்தரணியின் கீழ் இருந்து கேட்டால் அந்தக் கதை காக்கப்படும். உங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து கேட்டால் காக்கப்படாது. பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னும் இருக்கும் நாட்டில் இது சின்ன விடயம் இல்லை.

வெளிநாட்டு விண்ணப்பங்களுக்கு அந்தந்த நாட்டின் தடையும் உண்டு. காசு வாங்கிக் கனடா விண்ணப்பம் செய்ய, அந்நாட்டுச் சட்டத்தரணியாகவோ குடிவரவு ஆலோசகர் கல்லூரி என்ற ஒழுங்குபடுத்தும் அமைப்பில் பதிந்தவராகவோ இருக்கவேண்டும்; அவுஸ்திரேலியாவுக்குப் பதிவுபெற்ற குடிவரவு முகவராகவோ அந்நாட்டுச் சட்டத்தரணியாகவோ இருக்கவேண்டும்; பிரித்தானியாவில் தகைமையின்றி ஆலோசனை சொல்வதே குற்றம். உங்களிடம் ஒரு குடும்பம் ஏஜென்சியின் பெயரைச் சொல்லிக் கேட்டால், அந்தந்த நாட்டின் பதிவேட்டில் பெயரைத் தேடிக் காட்டுங்கள். பதிவேடுகள் இணையத்தில் திறந்திருக்கின்றன. ஐந்து நிமிட வேலை. காணி ஈடுவைக்கப் போகிற ஒரு குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய உதவியை ஒரு மாணவர் செய்துவிட முடியாது.

வெளிநாட்டில் தொழில் செய்ய நினைத்தால்

கனடாவுக்கு, இலங்கைச் சட்டப்பட்டத்தை மதிப்பிட்டு எந்தப் பாடங்கள் எழுதவேண்டும் என்று சொல்வது என்.சி.ஏ. (National Committee on Accreditation) என்ற அமைப்பு. இங்கிலாந்துக்கு எஸ்.கியூ.ஈ (சொலிசிற்றர் தகைமைப்) பரீட்சையின் இரண்டு பகுதிகளும், இரண்டு வருடத் தகுதிகாண் வேலை அனுபவமும் வேண்டும். அந்த அனுபவத்தை நான்கு நிறுவனங்கள்வரை பிரித்துப் பெறலாம், சட்ட உதவி நிலையத்தில் செய்ததும் சேரும், வெளிநாட்டில் செய்ததும் சேரலாம். ஆனால் அதை உறுதிப்படுத்துபவர் இங்கிலாந்து, வேல்ஸ் சொலிசிற்றராகவோ, அங்குள்ள சட்ட நிறுவனத்தின் இணக்க அலுவலராகவோ (COLP) இருக்கவேண்டும். இதை அறியாமல் இரண்டு வருடம் உழைத்துவிட்டு, உறுதிப்படுத்த ஆளில்லாமல் நிற்பவர்கள் இருக்கிறார்கள். பயிற்சி தொடங்குமுன் அப்படியொருவர் தூரத்திலிருந்தாவது மேற்பார்வை செய்வாரா என்று கேளுங்கள்.

எந்த நாட்டுக்குப் போனாலும், இங்கேயே இருந்தாலும், பயிற்சிக் குறிப்பேடு ஒன்று தேவை. திகதி, மணித்தியாலம், செய்த வேலை, கற்ற திறமை, மேற்பார்வையாளர் கையொப்பம் என்று ஐந்து நிரல். ஆட்களின் பெயரோ ஊரோ அதில் வரக்கூடாது; கோப்பு இலக்கத்தின் கடைசி மூன்று எண் போதும். கையொப்பத்தை ஒவ்வொரு மாத முடிவிலும் வாங்கிவிடுங்கள். வருடக் கடைசியில் மொத்தமாக வாங்கலாம் என்று விட்டால், அந்தச் சட்டத்தரணி இடமாற்றத்தில் போயிருப்பார், அல்லது நீங்கள் செய்ததை அவர் மறந்திருப்பார்.